கம்ப்யூட்டருக்குப் பொருத்தம் பார்ப்போமா?

கண்ணுகளா, “மாமா, கம்ப்யூட்டரை நாமே அசெம்பிள் பண்ண முடியுமா?” என்று உங்களில் ஒருவருக்குக் கேட்கத் தோன்றியதே, அதுவே பெரிய விஷயம். சபாஷ்!

முடியும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பாகங்களை மாட்டுவது சுலபம்தான். எதை வாங்குவது என்று முடிவு செய்வதில்தான் மூளைக்கு வேலை!

பாகங்களைப் புதுக்கோட்டையில் வாங்கலாம், திருச்சியில் வாங்கலாம், சென்னை ரிச்சி தெருவிலும் வாங்கலாம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கம்பெனி செய்திருக்கும். அப்படியும் அவை ஒன்றோடொன்று சேர்கின்றன. எப்படி? எல்லோரும் ஒரே அளவுமுறையைப் பின்பற்றுகிறார்கள். 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டில் ஸ்க்ரூ துளை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட அதில் உண்டு.

ஆனால் எல்லாமே எல்லாவற்றோடும் சேர்ந்துவிடாது. அதனால்தான் பொருத்தம் பார்க்க வேண்டும்.

முதலில் ப்ராசஸர். கணக்குப் போடுவது இதுதான். 4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால், ஒரு நொடிக்கு 400 கோடித் துடிப்பு என்று அர்த்தம். அது உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏஎம்5 ப்ராசஸருக்கு ஏஎம்5 சாக்கெட் உள்ள மதர்போர்டுதான் வேண்டும். எல்ஜிஏ1700 ப்ராசஸருக்கு எல்ஜிஏ1700 சாக்கெட்தான்.

ப்ராசஸரின் ஒரு மூலையை உற்றுப் பாருங்கள். குட்டியாக ஒரு முக்கோணம் தெரிகிறதா? சாக்கெட்டிலும் அதே அடையாளம் இருக்கும். இரண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து மெல்ல வைத்தால் போதும், தானே உட்கார்ந்துகொள்ளும். அழுத்தவே கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில இன்டெல் ப்ராசஸர்களின் பெயர் எஃப் என்ற ஆங்கில எழுத்தில் முடியும். அவற்றுக்குள் படம் காட்டும் பகுதி இருக்காது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. பாடம் படிக்க, படம் வரைய, புரோகிராம் எழுதத்தான் என்றால், படம் காட்டும் பகுதியும் உள்ளேயே இருக்கும் ப்ராசஸரே போதும். காசும் மிச்சம்.

அடுத்தது ராம். வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் இது. டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு வகைகளிலும் 288 தொடுமுனைகள்தான். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அடியில் உள்ள சின்ன வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்கான இடத்தில் இன்னொன்று நுழையக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல யோசனை, இல்லையா?

16 ஜிபி வேண்டுமா? 8 ஜிபியில் இரண்டு வாங்கி, மதர்போர்டு புத்தகம் சொல்லும் இடங்களில் மாட்டுங்கள். ப்ராசஸர் இரண்டு ராமிலிருந்தும் ஒரே நேரத்தில் தகவலை எடுக்கும்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கண்மாய் உண்டே. கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தாலும், மடை சிறியதாக இருந்தால் வயலுக்குத் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். விலை உயர்ந்த ப்ராசஸரை வாங்கிவிட்டு, தகவலைச் சேமித்து வைக்கப் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால், ப்ராசஸர் சும்மா காத்துக் கிடக்கும். பல ஹார்ட் டிஸ்க்குகளில் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும். தகவல் இருக்கும் இடம் சுழன்று வரும்வரை பொறுக்க வேண்டும். அதற்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது. அதனால் பல மடங்கு வேகம். இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் கூச்சப்படாமல் இன்னொரு தடவை படியுங்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது இந்தப் பெட்டிதான். ஒரு கணக்குப் போடுவோமா? பாகங்கள் எல்லாம் சேர்ந்து 160 வாட் கேட்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 80 சதவீதம். அப்படியென்றால் சுவரிலிருந்து 200 வாட் எடுக்கும். மீதி 40 வாட் எங்கே போனது? சரியாகச் சொன்னீர்கள், சூடாகப் போய்விட்டது! திறன் குறைந்த மலிவுப் பெட்டி இன்னும் அதிகமாகச் சூட்டில் வீணாக்கும்.

கண்டிப்பாக ஒரு விஷயம்: எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சூடு என்றதும் நம் ஊர் வெயில் ஞாபகம் வருகிறதல்லவா? ப்ராசஸர் மேலிருக்கும் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், ப்ராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை 25 டிகிரியாக இருக்கும்போது ப்ராசஸர் 65 டிகிரியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அறை 37 டிகிரி ஆனால், அதே வேலைக்கு ப்ராசஸர் ஏறக்குறைய 77 டிகிரிக்குப் போகும். சூடு எல்லை மீறினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் முன்பக்கம் காற்று நுழையவும் பின்பக்கம் வெளியேறவும் வழியுள்ள கேபினட்டாக (பாகங்களை வைக்கும் பெட்டி) பாருங்கள். கண்ணாடியும் வண்ண விளக்கும் அப்புறம்தான்.

கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யூபிஎஸ்ஸும் ஒன்று வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலில் நம் மாவட்டத்துக் கிராமங்கள் பல நாள் கரண்ட் இல்லாமல் தவித்தன. அத்தனை நாளுக்கு யூபிஎஸ் தாங்காது. திடீரென்று கரண்ட் போகும்போது சில நிமிடம் தாங்கும். செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க அது போதும். ராமில் இருப்பதெல்லாம் கரண்ட் போனதும் அழிந்துவிடுமே!

பார்த்தீர்களா, விலை அதிகமானதையெல்லாம் வாங்கிச் சேர்த்தால் நல்ல கம்ப்யூட்டர் ஆகிவிடாது. ஒன்றுக்கொன்று பொருந்துகிற, உங்கள் வேலைக்கு ஏற்ற பாகங்களைச் சேர்த்தால்தான் நல்ல கம்ப்யூட்டர்.

லீவில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதுங்கள். எந்த வேலைக்கு? எந்த சாக்கெட்? எந்த ராம்? எத்தனை வாட்? அப்பா, அம்மாவோடு கடைக்குப் போய் விசாரித்து, விடைகளையும் விலைகளையும் குறித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு கடைகளில் விசாரித்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்றைக்கே வாங்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. பொருத்தம் பார்க்கத் தெரிந்துகொண்டால், நாளைக்குப் புதிதாக எந்தப் பாகம் வந்தாலும் நீங்களே தேர்ந்தெடுத்துவிடுவீர்கள்.