நாம் போடும் விசில் யார் காதில் விழுகிறது? - ‘ஹோம் கிரவுண்டு’ ரகசியம்!

2025 மார்ச் 28. சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே-வை 50 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தியது ஆர்.சி.பி. அந்த அணி அதற்கு முன்பு சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே-வை ஜெயித்தது 2008-ல், ஐ.பி.எல்-லின் முதல் சீசனில். அந்த மேட்ச் நடந்தபோது பிறந்த குழந்தை இப்போது ப்ளஸ் டூ வயதில் இருக்கும்!

அத்தோடு விட்டதா? அடுத்த வாரமே டெல்லி வந்து ஜெயித்தது, 2010-க்குப் பிறகு முதன்முறையாக. கொல்கத்தா, சென்னையை 103 ரன்களில் கட்டிப்போட்டது. சேப்பாக்கத்தில் ஒரு முறைகூட சி.எஸ்.கே-வை ஜெயிக்காத ஹைதராபாத்தும் ஜெயித்தது. பிறகு பஞ்சாப். சொந்த மைதானத்தில் வரிசையாக ஐந்து தோல்விகள். 2011 சீசனில் இதே மைதானத்தில் ஆடிய அத்தனை போட்டிகளையும், ஃபைனல் உட்பட, ஜெயித்த அணி இது.

மஞ்சள் சட்டைகள் குறையவில்லை, விசிலும் குறையவில்லை. அப்படியென்றால் ‘ஹோம் அட்வான்டேஜ்’ என்று நாம் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது எதை?

முதல் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மண். சேப்பாக்கத்து பிட்ச் வெயிலில் காய்ந்து, பந்து மெதுவாக வரும், சுழலும். அதற்கென்றே ஸ்பின்னர்களைத் தேடிப்பிடித்து அணியைக் கட்டியது சி.எஸ்.கே. ஆனால், ஆர்.சி.பி-யிடம் தோற்ற அன்று பயிற்சியாளர் ஸ்டீஃபன் ஃப்ளெமிங் பேசியது பலருக்கு ஆச்சர்யம். சேப்பாக்கத்தில் தங்களுக்கு எந்தச் சாதகமும் இல்லை, சில வருஷங்களாகவே இதைச் சொல்லி வருகிறோம், பிட்ச் எப்படி இருக்கும் என்று எங்களாலேயே கணிக்க முடிவதில்லை என்ற பொருளில் பேசினார். போதாக்குறைக்கு மெகா ஏலம் வேறு. அணியில் பாதிப் பேர் புதியவர்கள். மைதானம் பழையது, வீரர்களுக்கு அது புது வீடு.

இந்திய டெஸ்ட் அணியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2013 தொடங்கி 2024 வரை சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை ஜெயித்தது இந்தியா. உலகில் வேறெந்த அணிக்கும் இல்லாத சாதனை. அதை உடைத்தது யார்? அதுவரை இந்தியாவில் மொத்தமே இரண்டு டெஸ்ட்களில் மட்டும் ஜெயித்திருந்த நியூசிலாந்து. பெங்களூரில் 46 ரன்களுக்கு ஆல் அவுட், புனேயில் மிட்செல் சான்ட்னருக்கு 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேலுக்கு 11 விக்கெட். 3-0. இதில் அஜாஸ் பிறந்ததே மும்பையில்தான். ‘சொந்த மண்’ அன்று யாருக்கு என்பதே குழப்பம்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பந்து ஓரளவு சுழலும் பிட்ச்சில், திறமை அதிகமுள்ள ஸ்பின்னருக்கே விக்கெட் விழும். அது அஷ்வின், ஜடேஜா. பந்து முதல் நாளே தாறுமாறாகச் சுழல ஆரம்பித்தால், எதிரணியின் சுமாரான ஸ்பின்னரும் பெரிய ஆளாகிவிடுவார். 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன்களைத் துரத்த முடியாமல் 93-க்குச் சுருண்டது இந்தியா. நாங்கள் கேட்ட பிட்ச்தான் இது என்று பயிற்சியாளர் கம்பீரே சொன்னார். சாதகத்தை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் அடிபிடித்துவிடுகிறது.

சரி, மண்ணை விடுவோம். கூட்டம்?

ஆளில்லாத மைதானத்தில் நடந்த பரீட்சை

ரசிகர்களால் எவ்வளவு லாபம் என்று தெரிய வேண்டுமென்றால், ரசிகர்களை வெளியே அனுப்பிவிட்டு மேட்ச் நடத்திப் பார்க்க வேண்டும். எந்த வாரியம் சம்மதிக்கும்? கொரோனா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

2020 மே 16 அன்று ஜெர்மனியின் பண்டஸ்லிகா கால்பந்து, காலி இருக்கைகளுக்கு முன்னால் மீண்டும் தொடங்கியது. அதுவரை அந்த சீசனில் நூற்றுக்கு 43 போட்டிகள் அளவில் சொந்த அணிகள் ஜெயித்துக்கொண்டிருந்தன. அதன்பிறகு அது மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. பெரும்பாலும் ரசிகர்கள் இல்லாமல் நடந்த 2020-21 ப்ரீமியர் லீக்கில், சொந்த அணிகளுக்கு 144 வெற்றிகள், வெளியூரிலிருந்து வந்த அணிகளுக்கு 153. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் வந்தவர்கள் அதிகம் ஜெயித்த முதல் சீசன் அது.

லிவர்பூலைப் பாருங்கள். ஆன்ஃபீல்டு மைதானத்தில் தொடர்ந்து 68 லீக் ஆட்டங்களில் தோற்காமல் இருந்த அணி. 2021 ஜனவரியில் பர்ன்லியிடம் தோற்றது. பிறகு நிற்கவே இல்லை, அதே மைதானத்தில் வரிசையாக ஆறு லீக் தோல்விகள். வான் டைக் போன்ற முக்கிய வீரர்கள் காயத்தில் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், பழியெல்லாம் காலி இருக்கைகள் மேல் போட முடியாது. ஆனாலும் 68 எங்கே, 6 எங்கே!

ரசிகர் இல்லையென்றால் வீரருக்கு உற்சாகம் இல்லை, அதனால் தோற்றார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அந்தக் காலத்து ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். கூட்டம் இல்லாதபோது, வெளியூர் அணிக்குக் கிடைக்கும் மஞ்சள் அட்டைகள் குறைந்திருந்தன. அட்டை கொடுப்பது வீரர் இல்லை. நடுவர்!

40 நடுவர்கள், ஒரே வீடியோ

2002-ல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு இதை அழகாகப் பிடித்திருந்தது. தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களை உட்காரவைத்து, லிவர்பூலும் லெஸ்டர் சிட்டியும் ஆன்ஃபீல்டில் மோதிய ஆட்டத்தின் வீடியோவைக் காட்டினார்கள். அதில் 47 மோதல்கள். ஒவ்வொன்றும் ஃபௌலா, இல்லையா என்று சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு வீடியோ, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல்.

சத்தத்தோடு பார்த்தவர்கள், லிவர்பூல் மீது சொன்ன ஃபௌல்கள் 15.5 சதவிகிதம் குறைவு. கவனியுங்கள், அவர்கள் லெஸ்டர் மீது கூடுதலாகப் பழி போடவில்லை. சொந்த அணியின் தப்பைச் சொல்லத்தான் தயங்கினார்கள். அவர்கள் அரங்கத்திலும் இல்லை, யாரும் அவர்களைத் திட்டப்போவதுமில்லை. டி.வி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், 50 ஆயிரம் பேர் நடுவில் விசிலோடு ஓடிக்கொண்டிருப்பவரை யோசித்துப் பாருங்கள்.

இது காசு வாங்கிக்கொண்டு செய்யும் தில்லுமுல்லு கிடையாது. ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும், கண் பார்த்தது அரைகுறை. அப்போது மூளை காதிடமும் கேட்கிறது. ‘ஓ’வென்று கூட்டம் கத்தினால் பெரிய தப்பு, கத்தாவிட்டால் சின்னத் தப்பு. ஸ்பெயின் லீக்கை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் கண்டதும் இதே மாதிரிதான். சொந்த அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் கடைசியில் கூடுதல் நேரம் தாராளமாகக் கொடுத்தார்கள், முன்னிலையில் இருந்தால் சீக்கிரம் முடித்துவைத்தார்கள். ஆனால், மறுபக்கம் நிற்கும் பையனுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்? தப்பே செய்யாமல் மஞ்சள் அட்டை வாங்கி, அடுத்த ஆட்டத்தில் இடமில்லாமல் உட்கார்ந்திருப்பவனிடம் ‘மூளை அப்படித்தான் வேலை செய்யும்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கிரிக்கெட் இந்த வம்பை முன்பே சந்தித்துவிட்டது. போன டீமெல்லாம் உள்ளூர் அம்பயர் மேல் புகார் சொன்ன காலம் அது. 1986-ல் பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் லாகூரில் ஆடிய டெஸ்ட்டுக்கு இரண்டு இந்தியர்கள் அம்பயர்களாகப் போனார்கள். வி.கே.ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். பாகிஸ்தான் மண்ணில் இந்திய அம்பயர்கள்! 1994 முதல் டெஸ்ட்டில் ஒருவராவது பொது நாட்டுக்காரர், 2002 முதல் இருவருமே. கொரோனா காலத்தில் பயணம் முடியாமல் மீண்டும் உள்ளூர் அம்பயர்களை அனுமதித்தபோது, ஐ.சி.சி செய்த முதல் காரியம், ரிவ்யூவில் இன்னொன்றைக் கூட்டியது. அம்பயர் பிரச்னை குறைந்துபோனதால்தான் இன்று கிரிக்கெட்டில் ‘ஹோம்’ என்றாலே பிட்ச்சைப் பற்றிப் பேசுகிறோம்.

அப்படியானால் வீரர்களுக்கு எதுவுமே ஆவதில்லையா? ஆகிறது. சொந்த மைதானத்தில் ஆடும் முன்பு கால்பந்து வீரர்களின் டெஸ்டோஸ்டிரோன், வெளியூர் ஆட்டத்தைவிட அதிகமாக இருந்ததை 2003-ல் வந்த ஓர் ஆய்வு எச்சிலைப் பரிசோதித்துச் சொன்னது. பரம வைரி வந்தால் இன்னும் அதிகம். தன் எல்லைக்குள் அந்நியன் நுழைந்தால் நாய் சிலிர்க்குமே, அந்த மாதிரி. சில ஊர்களில் காற்றே எதிரி. கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலே இருக்கும் பொலிவியாவின் லா பாஸில், 2009-ல் மரடோனா பயிற்சியாளராக இருந்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா 6-1 என்று தோற்றது. மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்திருக்கும்.

ஆனால் கூட்டம் பாரமாகவும் ஏறி உட்காரும். 2014 உலகக்கோப்பை அரையிறுதியில் பிரேசில் சொந்த ஊரில் ஜெர்மனியிடம் 7-1 என்று நொறுங்கியது. நமக்கு 2023 நவம்பர் 19. வரிசையாகப் பத்து வெற்றிகளோடு வந்த இந்தியா, அகமதாபாத்தில் 90 ஆயிரம் பேருக்கும் மேல் நிறைந்திருக்க, ஃபைனல். பெரிய கூட்டம் அமைதியாவதைக் கேட்பதைவிடத் திருப்தி வேறில்லை என்று முந்தைய நாளே சொல்லிவைத்திருந்தார் பேட் கம்மின்ஸ். டிராவிஸ் ஹெட் 137 அடித்து அதை நடத்திக்காட்டினார்.

நம்மூர்க் கூட்டத்துக்கு வேறொரு முகமும் உண்டு. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தும், பாகிஸ்தானிடம் 12 ரன்களில் தோற்றது இந்தியா. ஒரு நிமிஷம் மயான அமைதி. பிறகு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள். கார்கில் போர் அப்போது சில மாதத் தூரத்தில் இருந்தது.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடுத்த மேட்ச்சில் எல்.பி.டபிள்யூ-வுக்கு நெருக்கமான ஒரு அப்பீல் வரும்போது, குடும்பத்தில் பாதிப் பேரை ஹாலில் முழுச் சத்தத்தோடு டி.வி பார்க்கச் சொல்லுங்கள். மீதிப் பேர் உள்ளறையில், மொபைலில், மியூட் போட்டு. ரிவ்யூ வருவதற்குள் அவுட்டா, நாட் அவுட்டா என்று தனித்தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் தாத்தா விசில் அடித்தால் அதையும் கணக்கில் எழுதுங்கள்.