ஒரு செயின் சா, ஒரு கடப்பாரை... திருவண்ணாமலையில் மரம், வேலி வேலையைத் தொழிலா செய்ய என்னென்ன வேணும்?

திருவண்ணாமலைக்கு வர்றவங்க கோபுரத்தையும் மலையையும்தான் முதல்ல பார்ப்பாங்க. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கொஞ்சம் ரோட்டோரத்தைக் கவனிச்சா வேற ரெண்டு விஷயம் கண்ணுல படும். ஒண்ணு, நடக்கிறவங்களுக்கு நிழல் தர்ற மரங்கள். இன்னொண்ணு, மனைகளையும் தோட்டங்களையும் சுத்தி நிக்கிற வேலிகள். இந்த ரெண்டையும் நம்பி ஒரு சின்னத் தொழில் நடக்குது. கிளை கழிக்கிறது, சாய்ஞ்ச மரத்தை இறக்குறது, மனைக்கு வேலி போடுறது. மூணு, நாலு பேர், ஒரு மினி லாரி, கொஞ்சம் கருவிகள் இருந்தா ஆரம்பிச்சிடலாம்.

ஆரம்பிக்கிறது சுலபம். ஆனா, மரமும் சாகாம, மரம் ஏறுறவரும் சாகாம, போட்ட காசும் போகாம நடத்துறதுதான் விஷயமே. அது எப்படின்னு பார்க்கலாம்.

விறகு கணக்கும் கூலி கணக்கும்

நம்ம ஊர்ல மரவேலைக்குப் பழைய பேரம் ஒண்ணு உண்டு. 'கூலி வேணாம், விறகை நான் எடுத்துக்கிறேன்.' வீட்டுக்காரருக்கு லாபம் மாதிரி தெரியும். ஆனா இந்தக் கணக்குல அதிகம் வெட்டினாதான் வேலைக்காரருக்கு வருமானம். ரெண்டு கிளை கழிச்சாப் போதும்ங்கிற இடத்துல முழு மரமும் சாயறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மரத்தைக் காப்பாத்துற தொழிலா இதை நடத்தணும்னா, கூலியையும் விறகையும் தனித்தனியா பேசணும். 'கிளை கழிக்க இவ்வளவு, ஏத்திட்டுப் போக இவ்வளவு, விறகை நான் எடுத்தா இவ்வளவு கழிவு'ன்னு எழுதிக் கொடுத்திடுங்க. அப்போதான் 'இந்த மரத்தை வெட்ட வேணாம்ங்க'ன்னு தைரியமா சொல்ல முடியும். தொழில் பெயர் வாங்குறதும் அங்கேதான்.

செயின் சா: வாங்குறதைவிட வச்சுக்கிறது பெருசு

ஸ்டீல், ஹஸ்க்வர்னா மாதிரி கம்பெனி மெஷின்களும் இருக்கு, விலை குறைஞ்ச மெஷின்களும் இருக்கு. விலையைவிட முக்கியமா பார்க்க வேண்டியது, செயின் பிரேக் இருக்கா, உதிரி பாகமும் சர்வீஸும் பக்கத்துல கிடைக்குமாங்கிறதுதான். முகூர்த்த நாள்ல மெஷின் நின்னுபோனா, பார்ட்ஸ் வர்ற வரைக்கும் நாலு பேர் கூலி வீண்.

பெரும்பாலான செயின் சா ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோல்ல 2டி ஆயில் கலந்துதான் ஊத்தணும். நல்ல ஆயிலா இருந்தா வழக்கமான அளவு 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. உங்க மெஷினுக்கு என்ன அளவுன்னு கையேட்டைப் பாருங்க. ஆயில் கலக்க மறந்தா பிஸ்டன் சீஸ் ஆகிடும். இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ரெண்டு, மூணு வாரம் வேலை இல்லைன்னா டேங்கைக் காலி பண்ணி வைங்க.

செயினுக்கும் பாருக்கும் தனி ஆயில். மெஷினை ஓடவிட்டு பாரின் நுனியை ஒரு அட்டைக்கு நேரா பிடிங்க. அட்டையில் எண்ணெய்த் துளி தெறிச்சா ஆயில் போகுதுன்னு அர்த்தம். அறுக்கும்போது சீவல் சீவலா வந்தா செயின் கூர்மையா இருக்கு. மாவு மாதிரி தூள் வந்தா மழுங்கிடுச்சு, உருண்டை அரம் எடுத்துத் தீட்டணும். மழுங்கின செயினை அழுத்தி அறுக்கிறப்போதான் கை நழுவும்.

உயிர் போற மூணு இடங்கள்

முதலாவது, பாரின் நுனி. நுனியோட மேல்பாதி எதிலாவது பட்டா, மெஷின் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துல முகத்தை நோக்கித் திரும்பி எகிறும். அதனால நுனியால அறுக்காதீங்க, ஒத்தைக் கையால பிடிக்காதீங்க, தோளுக்கு மேல தூக்கி அறுக்காதீங்க. உயரக் கிளைக்கு நீளக் கம்பு வச்ச வாள் இருக்கு.

இரண்டாவது, மின்கம்பி. கம்பிக்குப் பக்கத்துல கிளை இருந்தா, மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்தின பிறகுதான் மரத்துல கை வைக்கணும். பச்சைக் கிளையிலயும் நனைஞ்ச கயித்துலயும் கரன்ட் பாயும். மின்னகம் எண் 94987 94987-ஐ போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

மூணாவது, உயரம். இடுப்புல ஒரு கயிறு கட்டினா அது பாதுகாப்பு கிடையாது. உடம்பு முழுக்கத் தாங்குற பெல்ட், ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான், தொடையை மறைக்கிற செயின் சா பேன்ட் இதெல்லாம் மெஷின் பட்ஜெட்டோட சேர்ந்த செலவு. செயின் சா சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாம பல வருஷம் ஓட்டினா காது மந்தமாகும். கீழே நிக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. மரத்தின் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தூரத்துக்குள்ள யாரும் நிக்கக் கூடாது.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துல வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினா, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு கிடைக்கும். கூட வேலை செய்ற ஒவ்வொருத்தரையும் அதுலயும், தமிழக அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்துலயும் சேர்த்திடுங்க. ஒரு ஆள் விழுந்தா விழுறது ஒரு குடும்பம்.

கிளையை எங்க வெட்டணும்?

கிளை தண்டோட சேர்ற இடத்துல மோதிரம் மாதிரி கொஞ்சம் புடைச்சிருக்கும். அந்தப் புடைப்பை வெட்டக் கூடாது. அதை ஒட்டி வெளிப்பக்கமா வெட்டினா, மரம் காயத்தைச் சுத்தி தானே சுவர் எழுப்பி அழுகல் உள்ளே போகாம தடுத்துக்கும். அமெரிக்க வனத்துறையில் வேலை செஞ்ச அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கின விஷயம் இது. வெட்டின இடத்துல தார் பூசுறதால அழுகல் நிக்காதுங்கிறதும் அவர் ஆய்வு சொன்னதுதான்.

கனமான கிளைக்கு மூணு வெட்டு. தண்டுல இருந்து ஒரு அடி தள்ளி, அடிப்பக்கம் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதைவிடக் கொஞ்சம் வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையை உரிக்காம விழும். மீதி இருக்கிற குச்சியைப் புடைப்பை ஒட்டி மூணாவதா அறுத்து எடுக்கணும். ஒரே தடவையில மொத்த இலைப்பரப்புல கால்வாசிக்கு மேல கழிக்க வேணாம். உச்சியை மொட்டையடிச்சா, பக்கத்துல கிளம்புற புதுக்கிளைகள் பலமில்லாம ஒட்டிட்டு நிக்கும். அடுத்த புயல்ல முதல்ல முறியறது அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னாடி, ஆடி, ஆவணியிலேயே இந்த வேலையை முடிக்கிறது நல்லது. பௌர்ணமி, தீபத்திருவிழா நாள்கள்ல கிரிவலப் பாதையில லாரி நுழையாது. அந்தத் தேதிகளை விட்டுட்டு ஆர்டர் எடுங்க.

வேலி: ஏக்கர்ல பேசாதீங்க, அடியில பேசுங்க

வேலி வேலையில காசு போற இடம் தப்பான எஸ்டிமேட். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சதுரமா இருந்தா சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகலத்துல நீளமா இருந்தா சுற்றளவு 1,070 அடியைத் தாண்டும். 'ஏக்கருக்கு இவ்வளவு'ன்னு பேசினவர் 235 அடி கம்பியைக் கைக்காசுல போடணும்.

10 அடிக்கு ஒரு கால்னா சதுர ஏக்கருக்குச் சுமார் 84 கால். நாலு மூலைக்கும் ரெண்டு ரெண்டா 8 முட்டுக்கால் தனி. நீளமான பக்கங்கள்ல இடையிலயும் முட்டு வேணும். 7 அடி கால்னா 2 அடி மண்ணுக்குள்ள போகணும். பாறை தட்டுற நிலத்துல குழி தோண்டும் மெஷின் கைகொடுக்காது, கடப்பாரைதான். அதனால நாலு இடத்துல குத்திப் பார்த்துட்டு விலை சொல்லுங்க. கம்பியில இன்னொரு விஷயம், கேஜ் எண் கூடினா கம்பி மெல்லிசு. 10 கேஜ் சொல்லிட்டு 12 கேஜ் இறக்கினா தாங்காது.

அளக்கிறதுக்கு முன்னாடி சர்வே கல்லைப் பார்த்து, பக்கத்து நிலத்துக்காரரை வச்சுக்கிட்டே கயிறு பிடிங்க. எல்லைத் தகராறுல பேமென்ட் மாட்டிக்கிட்டா வர்றது கஷ்டம்.

மலையைச் சுத்தி புள்ளிமான்கள் இருக்கு. நாய் துரத்துற மானுக்கு முள்கம்பி எமன். அந்தப் பக்கம் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி போடச் சொல்லலாம். வேலியில நேரடியா கரன்ட் கொடுக்கச் சொன்னா, எவ்வளவு காசு தந்தாலும் முடியாதுன்னு சொல்லிடுங்க. 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல அப்படி ஒரு சட்டவிரோத வேலியில சிக்கி 3 யானைகள் செத்துப்போச்சு. சோலார் மின்வேலிக்கும் 2023-ல் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கு.

யார்கிட்ட கேட்கணும்?

ரோட்டோரம், ஏரிக்கரை, அரசு இடத்து மரம்னா அனுமதி இல்லாம தொடவே கூடாது. பனைமரத்துக்குக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவிச்சாங்க. சந்தனம் மாதிரி மரம்னா வனத்துறை. திருவண்ணாமலை மக்கள் மரத்தை லேசா எடுத்துக்கிறவங்க இல்லை. கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டின விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு.

மலையடிவார வீடுகள்ல இன்னும் ஒரு கவனம் வேணும். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில வ.உ.சி. நகர்ல மண் சரிஞ்சு 7 பேர் இறந்தாங்க. அதுல 5 பேர் குழந்தைகள். சரிவான நிலத்துல மண்ணைப் பிடிச்சு வைக்கிறதுல வேருக்கும் பங்கு இருக்கு. அங்கே மரத்தை எடுக்கச் சொன்னா, கிளை கழிச்சாப் போதுமான்னு முதல்ல பாருங்க.

பதிவுக்கு உத்யம் இணையதளம் இலவசம். கடனுக்கும் மானியத்துக்கும் மாவட்டத் தொழில் மையத்துல கேட்கலாம். பெரிய மெஷின், ரெண்டாவது லாரியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல் வருஷம் ஒரு நோட்டு போடுங்க. எந்த வீட்டு மரம், எந்த மாசம் கழிச்சது, அடுத்து எப்போ போகணும்னு எழுதி வைங்க. விறகுக்காக வெட்டின மரம் ஒரு தடவைதான் காசு தரும். பக்குவமா கழிச்ச வேம்பு, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை உங்களைத் திரும்பக் கூப்பிடும்.