டைல்ஸில் கோலம் போடும் லேசர்!

புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் முன்பெல்லாம் கருங்கல்லில் பேரை வெட்டி வாசலில் பதிப்பார்கள். அல்லது மரப் பலகையில் பெயிண்டால் எழுதி மாட்டுவார்கள். இப்போது சாதாரண வெள்ளை டைல்ஸிலேயே தாத்தா பாட்டி படம், குழந்தையின் பொக்கைவாய்ச் சிரிப்பு, புள்ளிக் கோலம், பிள்ளையார் என்று கருகருவென்று பதித்துக் கொடுக்கிறார்கள். ஸ்டிக்கர் இல்லை, மையும் இல்லை. எல்லாம் லேசர் கதிர் சுட்ட சூடு!

"நாமும் வீட்டிலேயே செய்து நாலு காசு பார்க்கலாமா?" என்று கேட்கிறீர்களா? தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இதை எங்கே வைத்து, எப்படிச் செய்வது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இறங்க வேண்டும். திண்டிவனத்தில் என் அண்ணன் மகள் இந்த வேலையைச் செய்கிறாள். இரண்டு வயதுப் பையனின் தாய். அவள் செய்வதைக் கூட இருந்து பார்த்து, கேட்டு எழுதுகிறேன்.

வெள்ளை எப்படிக் கருப்பாகிறது?

வெள்ளை பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டேனியம் டையாக்சைடு என்ற பொடி. இதை டைல்ஸின் பளபளப்பான மேற்பூச்சின் மீது தெளித்து, லேசரால் சுட்டால், அந்தப் பொடி சூட்டில் நிறம் கறுத்து, மேற்பூச்சோடு உருகி ஒட்டிக்கொள்கிறது. லேசர் பொழுதுபோக்குக்காரர்கள் இதை 'நார்ட்டன் முறை' என்கிறார்கள்.

செய்முறை இதுதான். டைல்ஸைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடைக்க வேண்டும். டைட்டேனியம் டையாக்சைடு கலந்த, பளபளப்பில்லாத வெள்ளை ஸ்பிரே பெயிண்டை மெல்லிசாக, திட்டுத் திட்டாக இல்லாமல் அடிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு லேசர் இயந்திரத்தின் கீழே வைத்து, கம்ப்யூட்டரில் உள்ள படத்தைச் சுட வேண்டும். பிறகு தின்னரோ அசிட்டோனோ தொட்ட துணியால் துடைத்தால், சுடாத பெயிண்ட் எல்லாம் போய்ப் படம் மட்டும் நிற்கும்.

பொறுமை நிறைய வேண்டும். ஒரு மில்லி மீட்டருக்கு 10 கோடு என்று வைத்தால், 6 அங்குல டைல்ஸுக்கு 1,524 கோடுகள்! சிறிய இயந்திரத்தில் ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். முதலில் ஒரு உடைந்த டைல்ஸில் வேகத்தையும் சூட்டையும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சுட்டுப் பார்த்துக்கொண்டால் நல்ல டைல்ஸ் வீணாகாது.

"எத்தினி தேய்ச்சாலும் போவாது அத்தை, பாரு!" என்று சொல்லி, புளியைப் போட்டுத் தேய்த்தே காட்டினாள். திண்டிவனம் என்ற பேரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். அந்த ஊர்ப் புளிக்கே மசியவில்லை!

வாங்குகிறவர்கள் கவனிக்க!

விழுப்புரத்தில் படத்துக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் வேறு ஒரு வகையையும் பார்த்தேன். டைல்ஸுக்குக் கருப்புப் பெயிண்ட் அடித்து, லேசரால் வேண்டிய இடத்தில் மட்டும் சுரண்டி விடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் இதில் படம் பெயிண்டில்தான் இருக்கிறது, நாளடைவில் உரியும். கண்டுபிடிப்பது சுலபம். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, ஓரத்தில் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். பஞ்சில் கருப்பு வந்தால் அது வெறும் பெயிண்ட். அதற்கேற்ற விலை கொடுங்கள்.

எந்த வகையானாலும் சுவருக்கும் அலமாரிக்கும்தான். சாப்பாடு வைக்கிற தட்டாக வேண்டாம்.

கண் போனால் வராது

லேசர் ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை எரியவிட்டார். 1964-ல் கரியமிலவாயு லேசரைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் என். பட்டேல். பெரிய கடைகளில் அக்ரிலிக் பலகை வெட்டுவது பெரும்பாலும் இந்த வகைதான். வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிற சிறிய இயந்திரங்களில் வருவது நீல லேசர். அலைநீளம் சுமார் 450 நானோ மீட்டர்.

இந்த நீல ஒளி கண்ணுக்குள் நேரே நுழைந்து விழித்திரையில் குவியும். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவோமே, அதே கதைதான். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது தெரியாமலே பார்வை போகலாம். டைல்ஸோ கண்ணாடி மாதிரி பளபளப்பு. பட்ட ஒளியைத் திருப்பி அடிக்கும்.

ஆகவே, உங்கள் லேசரின் அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அலைநீளமும் ஓ.டி. எண்ணும் அதில் அச்சிட்டிருக்க வேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது. கரியமிலவாயு லேசருக்கு வாங்கியதும் நீல லேசருக்கு ஆகாது. இயந்திரத்தை மூடிய பெட்டிக்குள் வைப்பது இன்னும் நல்லது. லேசர் எரியும்போது குழந்தை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் அவசியம். எரியும் இயந்திரத்தை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகவும் கூடாது, தீப்பிடிக்கலாம்.

"பையன் தூங்கறப்போ மாமியாரை உட்கார வெச்சிட்டுத்தான் நான் உள்ள போறது. அவங்க வெளியூர் போயிட்டா அன்னிக்கு வேலை இல்ல" என்றாள். ஆர்டர் கையை விட்டுப் போனாலும் இதில் அவள் வளைவதில்லை.

யாருக்காவது கண்ணில் பட்டு, கரும்புள்ளியோ மங்கலோ தெரிந்தால் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே கண் டாக்டரிடம் போங்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

புகையும் தின்னரும்

ஸ்பிரே அடிப்பதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். துணி முகமூடி தூசியைத்தான் தடுக்கும். பெயிண்ட் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். லேசர் புகையை விசிறி வைத்துக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த வேலையைத் தள்ளிப் போடுவதே மேல்.

அசிட்டோன், தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து போய் அடுப்பிலோ பூஜையறை விளக்கிலோ பற்றிக்கொள்ளும். துடைத்த துணியை வெளியே விரித்துக் காயவிட்ட பிறகே டைல்ஸும் துணியும் வீட்டுக்குள் வரலாம்.

தின்னரை ஒருபோதும் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்று: பி.வி.சி. ரெக்சின், பி.வி.சி. பலகை எதையும் லேசரில் சுடக் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும். வாடிக்கையாளர் கெஞ்சினாலும் "ஆகாது" என்று சொல்லிவிடுங்கள்.

கணக்கும் பாருங்கள்

விலை வைக்கும்போது டைல்ஸ், பெயிண்ட், தின்னர், மின்சாரம் இவற்றோடு உங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் கூலி போடுங்கள். இயந்திரத்தின் விலையோடு கண்ணாடி, முகமூடி, விசிறி, பெட்டி நான்கையும் சேர்த்தே முதலைக் கணக்கிடுங்கள். கையில் அவ்வளவு இல்லையென்றால், சேர்கிற வரைக்கும் பொறுத்திருங்கள். கடன் விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு குகைக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாக மகேந்திர வர்மன் 7-ஆம் நூற்றாண்டில் பாறையில் வெட்டி வைத்தது இன்றும் நிற்கிறது. நிலைத்து நிற்கும் எழுத்தின் மேல் ஆசை நமக்குப் பழசுதான். வாசலில் பிள்ளையின் பேர் நிலைத்து நிற்கட்டும். அதைப் படிக்க அவன் கண்ணும் நன்றாக இருக்கட்டும்!