இரண்டு சர்க்கார்களுக்குக் கீழே

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ராஜ்யம் ஒன்றில் குடியிருக்கும் எவரும் ஒரே சமயத்தில் இரண்டு சர்க்கார்களின் ஆணைக்கு உட்பட்டவர் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சங்கதிதான். ஆயினும், ஒரு சர்க்கார் அனுமதித்த காரியத்தை மற்றொரு சர்க்கார் குற்றமாகக் கொள்ளலாம் என்ற உண்மையை, பல்லாண்டு அங்கே வாழ்ந்தவர்களிலும் பலர், ஆபத்து வாசற்படிக்கு வந்து நின்ற பிறகே உணர்கிறார்கள்.

1787-இல் பிலடெல்பியாவில் வகுக்கப்பட்ட அரசியல் சாசனம் மத்திய சர்க்காருக்குச் சில அதிகாரங்களை மட்டுமே எண்ணிக் கொடுத்தது. எஞ்சியவை ராஜ்யங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791-இல் அமலுக்கு வந்த பத்தாவது திருத்தம் தெளிவுபடுத்திற்று. எனினும், மத்திய சர்க்கார் தன் எல்லைக்குள் நின்று இயற்றும் சட்டத்தோடு ராஜ்யச் சட்டம் மோதுமானால் முன்னதே வெல்லும் என்பது ஆறாவது ஷரத்தின் விதி. அந்த எல்லை எதுவரை என்பதில்தான் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை.

வைத்தியர் சிபாரிசு செய்தால் நோயாளிகள் கஞ்சாவை உபயோகிக்கலாம் என்று கலிபோர்னியா வாக்காளர்கள் 1996-இல் அனுமதித்தார்கள். 2002-இல் அங்கே நோயுற்ற ஒரு பெண்மணியின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்தபோது, அவர் வளர்த்த ஆறு செடிகளும் ராஜ்யச் சட்டப்படி குற்றமற்றவை என்று உள்ளூர் அதிகாரிகள் முடிவு செய்தனர். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களோ, மத்தியச் சட்டப்படி அது குற்றமே என்று, மூன்று மணி நேர இழுபறிக்குப் பின், ஆறையும் கைப்பற்றி அழித்துவிட்டார்கள். வீட்டில் வளர்ந்து வீட்டிலேயே செலவாகும் செடிக்கும், ராஜ்யங்களுக்கிடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்த மத்திய சர்க்காருக்குள்ள அதிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். வழக்கை விசாரித்த சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளுக்கும் அவ்வாறே தோன்றிற்று. ஆனால், 2005-இல் ஏனைய ஆறு நீதிபதிகள் சம்பந்தம் உண்டென்றே தீர்ப்பளித்தனர்.

கிரீன் கார்டிலும் விசாவிலும் வாழ்பவர்களுக்கு இந்த முரண்பாடு இன்னும் கொடியது; ஏனெனில் அந்நியரை அனுமதிப்பதும் வெளியேற்றுவதும் மத்திய சர்க்காரின் அதிகாரம். ராஜ்யத்தின் உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கிய கஞ்சாவேயாயினும், அதை உபயோகித்ததாக விமான நிலைய அதிகாரியிடம் ஒப்புக்கொள்வது, கோர்ட்டுத் தண்டனை ஏதும் இல்லாமலே, மறுபடி நாட்டுக்குள் நுழைவதைத் தடுத்துவிடக்கூடும். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்து, நாற்பதாண்டுகளுக்கு மேல் நிரந்தரவாசியாக இருந்த ஹோண்டுராஸ்காரர் ஹோசே பாடிலா, கென்டக்கியில் லாரியில் கஞ்சா ஏற்றிச் சென்ற வழக்கில், இத்தனை காலம் இருந்தவருக்குக் கவலை வேண்டாம் என்று தம் வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலே நாடு கடத்தலுக்கு வழி திறந்தது.

அவர் வழக்கிலேயே பரிகாரமும் பிறந்தது. நாடு கடத்தப்படும் அபாயத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துரைப்பது, ஆறாவது திருத்தம் அளிக்கும் வக்கீல் உரிமையின் பகுதியே என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட் விதித்தது. கடுங்குற்ற வழக்கில் வசதியற்றவருக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் வைக்க வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டின் கிடியன் தீர்ப்பால் நிலைபெற்றது. குடியேற்ற நீதிமன்றத்திலோ பொதுவாக அவரவர் செலவில்தான் வக்கீல். குற்றம் பற்றிப் போலீசார் விசாரிக்கையில் மௌனம் காக்க ஐந்தாவது திருத்தம் இடமளிக்கிறது. பொய் சொல்ல எந்தத் திருத்தமும் இடமளிக்கவில்லை.

ஆகவே, அங்கே குடிமை பெறாமல் வாழ்பவர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்: சிறு அபராதத்தோடு போய்விடும் என்று யார் தைரியம் சொன்னாலும், குடியேற்றச் சட்டம் அறிந்த வக்கீலைக் கலந்துகொள்ளாமல், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.