தேதி ஒன்று, அர்த்தம் இரண்டு!

தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது வாசுதேவநல்லூர். பூலித்தேவரின் கோட்டை இருந்த ஊர். 1767-ம் ஆண்டு மே மாதம் ஆங்கிலேயர் படை அந்தக் கோட்டையைத் தாக்கியது.

அப்போது நடந்த தமிழ் வருடத்தின் பெயர் என்ன தெரியுமா? சர்வசித்து!

1947 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியா சுதந்திரம் அடைந்தது. அன்று நடந்த தமிழ் வருடம் எது? அதுவும் சர்வசித்துதான்!

தமிழ் வருடப் பெயர்கள் மொத்தம் 60. அவை முடிந்ததும் முதலில் இருந்து அதே பெயர்கள் திரும்ப வரும். கோட்டை தாக்கப்பட்டதற்கும் சுதந்திரம் வந்ததற்கும் இடையே 180 வருடம். அதாவது மூன்று சுற்று. பழைய ஓலை ஒன்றில் "சர்வசித்து, வைகாசி" என்று மட்டும் இருந்தால், எந்தக் காலத்து ஓலை என்று எப்படிச் சொல்வது?

அதற்கும் ஒரு வழி இருந்தது. நெல்லைச் சீமையின் பழைய ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டைக் காணலாம். கி.பி. 825-ல் தொடங்கிய கணக்கு அது. சுற்றி வராது, ஏறிக்கொண்டே போகும். 1767 மே மாதம் கொல்லம் 942. "942, சர்வசித்து, வைகாசி" என்று இருந்தால் சந்தேகத்துக்கே இடம் இல்லை.

கம்ப்யூட்டருக்கும் அதே தொல்லை

அந்தக் கால ஓலைக்கு வந்த தொல்லை இந்தக் காலக் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

முன்பெல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்க, கம்ப்யூட்டரில் வருடத்தை இரண்டே எழுத்தில் எழுதினார்கள். 1965 என்றால் "65". ஆனால் 99-க்குப் பிறகு "00" வந்தால் அது 1900-மா, 2000-மா? 2000-ம் ஆண்டு பிறப்பதற்கு முன், உலகம் முழுவதும் இந்தக் கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று!

இன்று பிறப்பு, இறப்பு, பட்டா, பென்ஷன் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அதற்கு "டேட்டாபேஸ்" என்று பெயர். அது ஒரு பெரிய பேரேடு. "இந்த மாதம் பிறந்த குழந்தைகள் யார், யார்?" என்று கேட்டால், நொடியில் பட்டியல் தரும்.

ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்!

ஏப்ரலா, மே மாதமா?

"05-04-2024" என்று எழுதுகிறோம். நமக்கு அது ஏப்ரல் 5. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அவர்களுக்கு அது மே 4!

"25-04-2024" என்று இருந்தால் ஆபத்து குறைவு. 25-வது மாதம் என்று ஒன்று இல்லை. அமெரிக்க முறையில் அமைத்த கம்ப்யூட்டர் பெரும்பாலும் "தப்பு" என்று சொல்லிவிடும். ஆனால் 12-ம் தேதி வரை சத்தம் போடாது. தவறான தேதியை அப்படியே விழுங்கிவிடும். அதுதான் மோசம்!

இதற்காகவே 1988-ல் உலகத் தர நிர்ணய அமைப்பு ஒரு பொது முறையை வெளியிட்டது. முதலில் வருடம், பிறகு மாதம், கடைசியில் நாள். "2024-04-05." இப்படி எழுதினால் இரண்டு அர்த்தம் வராது. வரிசைப்படுத்தினாலும் காலவாரியாக நிற்கும். பேரேட்டுக்குள் தேதி இப்படி ஒரே முறையில் இருக்கட்டும். வெளியே காட்டும்போது அவரவர் ஊர் வழக்கப்படி காட்டிக்கொள்ளலாம்.

விட்டுப்போன குழந்தைகள்

இன்னொரு வேடிக்கை. "மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை பிறந்த குழந்தைகள் எத்தனை?" என்று கேட்கிறோம். பேரேட்டில் மணியும் சேர்ந்து இருந்தால், "மார்ச் 31" என்பதை 31-ந் தேதி பிறக்கும் நள்ளிரவு 0 மணி என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அன்று காலை பிறந்த குழந்தை பட்டியலில் வராது! "மார்ச் 1 முதல், ஏப்ரல் 1 பிறப்பதற்கு முன் வரை" என்று கேட்பதுதான் சரி.

மூன்றும் சரியே!

வெள்ளிக்கிழமை விடியற்காலை 3 மணிக்கு வாசுதேவநல்லூரில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழில் வெள்ளிக்கிழமைக்கு உரிய தேதி இருக்கும். பாட்டியோ, "வியாழக்கிழமை ராத்திரி பிறந்த பிள்ளை" என்பார். பஞ்சாங்கப்படி சூரியன் உதித்தால்தான் மறுநாள்!

பல கம்ப்யூட்டர்கள் கிரீன்விச் நேரத்தில் கணக்கு வைக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே அங்கே அது வியாழக்கிழமை இரவு 9.30!

மூன்றும் சரிதான். ஆனால் கிரீன்விச் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றாமல் அச்சடித்தால், குழந்தையின் பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும்.

ஒரு நாள்தானே என்று இருந்துவிடக் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு, பள்ளிக்கூடத்தில் சேரவும், ஓட்டுநர் உரிமம் வாங்கவும், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவும், அரசு வேலைக்குப் போகவும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். வயது வரம்பில் ஒரு நாள் குறைந்தாலும் வாய்ப்பு போய்விடலாம்!

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே! பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். படிவத்தில் எந்தக் கட்டம் நாள், எந்தக் கட்டம் மாதம் என்று பார்த்து எழுதுங்கள். வருடத்தை நான்கு இலக்கத்திலும், முடிந்தால் மாதத்தை எழுத்திலும் எழுதுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே ஒரு முறை படித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும் வயதில் அந்தத் தப்பைத் திருத்த அலைவதைவிட, இன்று இரண்டு நிமிடம் நின்று பார்ப்பது எவ்வளவோ மேல்!