பசும்பால் தந்து தவறு செய்தேன்!

எங்கள் ஊர் விலங்குகள் காப்பகத்திலிருந்து, தாயில்லாத மூன்று பூனைக்குட்டிகளை, யாராவது தத்தெடுக்கும் வரை வளர்த்துத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தேன். அவர்கள் சொன்ன பால் பவுடர் விலை அதிகம்னு, பசும்பாலையே ஊட்டினேன். மறுநாளே பேதி, ஒரு குட்டி துவண்டு இறந்து விட்டது.

'பசும்பால் இதுகளுக்கு ஜீரணமாகாதும்மா...' என்று கடிந்து கொண்டார், கால்நடை டாக்டர்.

அதன்பின், குட்டிகளுக்கான பால் பவுடரையே கரைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், மல்லாத்தாமல், குப்புற வைத்து ஊட்டினேன். குடித்ததும், ஈரப்பஞ்சால் துடைத்து விட்டால் தான் சிறுநீர் போகும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பக்கத்தில் வைத்தேன்.

எட்டு வாரத்தில் ஒன்று தத்துப் போனது. இன்னொன்றை, 'வீட்டுக்குப் பூனை ஆகாது'ன்னு சொன்ன மாமியாரே, மடியை விட்டு இறக்க மாட்டேங்கிறார்!

தோழியரே... குட்டி வளர்க்க நினைத்தால், நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணிடாதீங்க!

— ஒரு வாசகி, திருச்சி.