குருந்தமும் கொரண்டமும்

இவ்வாரம் நான் எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல் 'கொரண்டம்'. பேச்சில் அதிகம் நடமாடாத பெயர்ச்சொல். ஆனால் இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் இறங்குவோர் பெரிதும் தேடுவது அதைத்தான். நீலக்கல், சிவப்பு மாணிக்கம் இரண்டும் கொரண்டமே. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். சிறிது குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலம். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது.

இச்சொல்லின் வேர் தமிழ்க் 'குருந்தம்' என்கின்றன ஆங்கில அகராதிகள். (திருப்பெருந்துறைக் குருந்த மரம் வேறு.) வடமொழியில் குருவிந்தம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரை மணிக்கடை வீதியில் மாணிக்கச் சாதிகளுள் ஒன்றாக வரும் 'விந்தம்' இதுவே. ஆங்கிலக் கவிஞர்களோ ரூபி, சபையர் என்று பாடிவிட்டுக் கொரண்டத்தைப் பெரும்பாலும் கல்லியல் நூல்களுக்கே விட்டுவிட்டனர். நம்மவர் அப்படிப் பிரிக்கவில்லை. மணிக்கும் குருந்தம், கத்தி தீட்டும் சாணைக்கும் குருந்தக்கல்.

"தோட்டத்துப் பேச்சில் என்ன தமிழ் இருக்கிறது?" என்று இளக்காரமாகக் கேட்போரை நான் சந்தித்ததுண்டு. கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தி தீட்டும் கல்லை ஒரு பெரியவர் 'காபரண்டம்' என்றார். வெள்ளைக்காரன் சொல் என்பது அவர் எண்ணம். பின்பாதி குருந்தம்தான் என்றதும் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அமெரிக்கரான அச்சிசன் 1893இல் காப்புரிமை பெற்ற செயற்கைக் கல் அது. காபனும் கொரண்டமும் கூடியது என நினைத்து அவர் இட்ட பெயர். உண்மையில் அது சிலிக்கன் காபைட். குருந்தம் பெயரில் மட்டுமே இருக்கிறது.